அக்ரோபொலிஸ்: ஏதென்ஸ் மலையில் கடவுள் எங்கே இருந்தார்?

ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பார்த்தெனோன் கோயில்தான். வெள்ளைப் பளிங்குத் தூண்கள், பின்னால் நீல வானம், பாடப்புத்தகத்திலும் பயண விளம்பரத்திலும் அதே படம். அந்தப் புகழுக்கு அது முழுத் தகுதி உடையது. ஆனால் கி.மு. 400 வாக்கில் வாழ்ந்த ஒரு ஏதென்ஸ்காரரிடம் "இந்த மலையில் எல்லாவற்றையும்விடப் புனிதமான பொருள் எது?" என்று கேட்டிருந்தால் அவர் பார்த்தெனோனைக் காட்டியிருக்க மாட்டார். அதற்கு வடக்கே, தரை மட்டம் ஏறியும் இறங்கியும் கிடக்கும் இடத்தில், கோணலான அமைப்போடு நிற்கும் சிறிய கோயிலைக் காட்டியிருப்பார். நகரின் காவல் தெய்வமான அத்தீனாவுக்கு ஒலிவ மரத்தாலான மிகப் பழைய சிலை ஒன்று அங்கேதான் இருந்தது. அதை எந்தச் சிற்பியும் செய்யவில்லை, வானத்திலிருந்து விழுந்தது என்று மக்கள் நம்பினார்கள்.

இந்த மலையில் கட்டடத்தின் அளவுக்கும் அதன் புனிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால், குழப்பமாகத் தெரியும் பல விஷயங்கள் விளங்கிவிடும்.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புப் பாறை அது. மேற்கைத் தவிர மற்றப் பக்கங்கள் செங்குத்தாக இறங்குகின்றன. உச்சி ஏறக்குறையத் தட்டையானது. கிழக்கு மேற்காகச் சுமார் 300 மீட்டர் நீளம், அதில் பாதி அகலம். அடிவாரத்தில் ஊற்று உண்டு. பாதுகாப்புக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மைசீனிய ஆட்சியாளர்கள் இங்கே பெரும் பாறைகளை அடுக்கி மதில் எழுப்பினார்கள். அதன் ஒரு துண்டு நுழைவாயிலருகே இன்றும் நிற்கிறது. அரசர்கள் போன பிறகு அந்த இடம் படிப்படியாகத் தெய்வங்களுக்கு உரியதாயிற்று. பல கிரேக்க நகரங்களுக்கு இப்படி ஒரு மேட்டுக் கோட்டை உண்டு. கொரிந்துக்குக் காதல் தெய்வம் அஃப்ரொடைட்டி குடியிருந்த உயரமான மலை, ரோட்ஸ் தீவின் லிண்டோஸுக்குக் கடலைப் பார்த்த அத்தீனா கோயில். ஏதென்ஸின் மலைதான் இவற்றில் நமக்கு மிக நன்றாகத் தெரிந்தது.

பலிபீடமே மையம்

கிரேக்க வழிபாட்டில் நமக்குப் புதிதாகத் தோன்றக்கூடியது, முக்கியமான சடங்கு கோயிலுக்கு வெளியே நடந்தது என்பதுதான். நாம் பழகிய கோயிலில் பக்தர் உள்ளே போகப் போகச் சன்னிதி நெருங்கும். அங்கேயோ மக்கள் திறந்தவெளியில், பலிபீடத்தைச் சுற்றிக் கூடினார்கள். கோயில் என்பது தெய்வச் சிலை குடியிருக்கும் வீடு. காணிக்கைகளைப் பத்திரமாக வைக்கும் இடமும் அதுவே. அதன் வாசல் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருக்கும், எதிரே பலிபீடம் இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் தெய்வம் தனக்குத் தரப்படும் பலியைப் பார்க்கலாம்.

பலி என்றால் மாடு, ஆடு, பன்றி. தொடை எலும்புகளைக் கொழுப்பில் சுற்றி நெருப்பில் இடுவார்கள். அந்தப் புகை தெய்வத்துக்கு. இறைச்சியைச் சமைத்து மக்கள் பகிர்ந்து உண்பார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு மாட்டிறைச்சி பெரும்பாலும் திருவிழா நாளில்தான் கிடைத்தது. ஆகவே வழிபாடு, விருந்து, ஊர் கூடுவது மூன்றும் ஒரே நிகழ்ச்சி.

புனித எல்லைக்குள் போக விதிகளும் இருந்தன. வாசலில் வைத்திருக்கும் தண்ணீரைத் தெளித்துத் தூய்மை செய்துகொள்ள வேண்டும். எல்லைக்குள் பிறப்பும் இறப்பும் நிகழக்கூடாது. அக்ரோபொலிஸ் மேல் நாய் ஏறக்கூடாது என்றும் ஒரு வழக்கம் இருந்தது.

எரிந்த மலை

கி.மு. 480இல் பாரசீகப் படை ஏதென்ஸைப் பிடித்து, மலை மேல் இருந்த கோயில்களை எரித்தது. பார்த்தெனோன் இருக்கும் இடத்தில் அப்போது அதற்கு முந்தைய ஒரு கோயில் பாதி கட்டிய நிலையில் இருந்தது, அதுவும் அழிந்தது. போருக்குப் பின் திரும்பி வந்தவர்கள் அதன் தூண்களுக்காகச் செதுக்கிய உருளைக் கற்களை எடுத்து வடக்கு மதிலில் பதித்தார்கள். கீழே சந்தை வெளியான அகோராவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அவை வரிசையாகத் தெரியும். கல் பற்றாக்குறையால் மட்டும் செய்த காரியமாக எனக்குத் தோன்றவில்லை. அத்தனை ஒழுங்காக, அத்தனை பேர் பார்க்கும் இடத்தில், அழிவின் சாட்சியாகவே வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் சுமார் 30 ஆண்டுகள் பெரிய கோயில் எதுவும் மேலே எழவில்லை. கி.மு. 454இல் ஏதென்ஸ் தன் கூட்டாளி நகரங்களின் பொதுக் கருவூலத்தை டெலோஸ் தீவிலிருந்து தன் ஊருக்கே மாற்றிக்கொண்டது. ஆண்டுதோறும் வந்த கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அத்தீனாவுக்கு. கி.மு. 447இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸின் முன்முயற்சியில் பார்த்தெனோன் வேலை தொடங்கியது. கூட்டாளிகளின் பணத்தில் நகரை அலங்கரிப்பதா என்று உள்ளூரிலேயே எதிர்ப்பு எழுந்ததாகப் பிற்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இந்த அழகுக்குப் பின்னால் ஒரு பேரரசின் பணபலம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஏறும் வழி

மேற்குச் சரிவில் ஏறினால் முதலில் வருவது புரோபிலையா என்ற நுழைவாயில். ம்னெசிக்லெஸ் என்ற கட்டடக் கலைஞர் கி.மு. 437இல் தொடங்கி, 432இல் ஸ்பார்ட்டாவோடு போர் நெருங்கியதால் முடிக்காமல் விட்டது. ஐந்து வாசல்கள். நடுவில் உள்ளது அகலமானது. அதன் வழியாகப் படிகள் இல்லாமல் சரிவுப் பாதை போகிறது. காரணம் எளிது: பலிக்கு ஓட்டிவரும் மாடுகள் படியேறத் திணறும். வெளிப்புறத் தூண்கள் டோரிக் பாணி, அதாவது பருமனானவை, தலைப்பகுதியில் அலங்காரம் இல்லாதவை. உள்ளே நடுப் பாதையின் இருபுறமும் அயோனிக் பாணி, மெலிந்து உயர்ந்தவை, உச்சியில் சுருள் உடையவை. அதே உயரத்துக்கு டோரிக் தூண் வைத்தால் பாதையை அடைத்துவிடும்.

வலப்புறம் துருத்திக்கொண்டு நிற்கும் மேடை மேல் வெற்றித் தெய்வமாகிய அத்தீனா நீக்கேயின் கோயில் இருக்கிறது. எட்டு மீட்டர் நீளம்தான். அதன் பூசாரிணியைக் குறிப்பிட்ட குடும்பத்திலிருந்து எடுக்காமல், எல்லா ஏதென்ஸ் பெண்களிலிருந்தும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மக்கள் மன்றம் தீர்மானித்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சம்பளமும் அதில் உண்டு: ஆண்டுக்கு 50 திராக்மா என்ற வெள்ளி நாணயம், கூடவே பொதுப் பலிகளின் கால்களும் தோல்களும். மக்களாட்சி கோயில் பதவி வரை நுழைந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வாயிலைத் தாண்டியதும் எதிரே ஃபிடியாஸ் செய்த மாபெரும் வெண்கல அத்தீனா. அவளுடைய ஈட்டி முனையும் தலைக்கவசத்தின் கொண்டையும் சூனியோன் முனையைத் தாண்டி வரும் கப்பல்களுக்குத் தெரிந்தன என்கிறார் பழங்காலப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ். வலப்பக்கம் பார்த்தெனோன் தெரியும், ஆனால் தெரிவது அதன் பின்பக்கம். வாசல் கிழக்கே இருப்பதால், வருபவர் கட்டடத்தின் முழு நீளத்தையும் ஒட்டி நடந்து சுற்றிக்கொண்டுதான் முன்னால் போக முடியும். இன்றைய சுற்றுலாப் பயணிகள் பலர் இந்தப் பின்பக்கத்தையே முகப்பு என்று நினைத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

நேர்கோடே இல்லாத கோயில்

பார்த்தெனோனை வடிவமைத்தவர்கள் இக்டினோஸும் கல்லிக்ராடெஸும். சிற்ப வேலைக்குத் தலைமை ஃபிடியாஸ். கட்டடம் கி.மு. 438இலேயே முடிந்து, சிற்பங்கள் 432 வரை நீண்டன. பென்டெலிகோன் மலையிலிருந்து, சுமார் 16 கிலோமீட்டர் தொலைவு, பளிங்கு வந்தது. மேல் படி 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம். முன்னும் பின்னும் எட்டெட்டுத் தூண்கள், பக்கங்களில் பதினேழு. மூலைத் தூண்களை இருமுறை எண்ணாமல் பார்த்தால் மொத்தம் 46. ஒவ்வொன்றும் 10 மீட்டருக்கு மேல் உயரம்.

இந்தக் கட்டடத்தின் உண்மையான அதிசயம் அளவில் இல்லை. தரை தட்டையாகத் தோன்றும். ஆனால் நடுப்பகுதி நீளப் பக்கத்தில் சுமார் 11 சென்டிமீட்டரும் அகலப் பக்கத்தில் சுமார் 6 சென்டிமீட்டரும் மேலெழுந்திருக்கிறது. தூண்கள் செங்குத்தாகத் தோன்றும். எல்லாமே கொஞ்சம் உள்நோக்கிச் சாய்ந்தவை. தூணின் உடல் நேராக ஒடுங்காமல் நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறது. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடப் பருமன், ஏனென்றால் பின்னணியில் வெளிச்சம் இருக்கும்போது தூண் மெலிந்து தெரியும். நீளமான தட்டைக் கோடு கண்ணுக்குத் தொய்ந்ததுபோல் தெரியும் என்பதால் இந்த வளைவு என்று பழைய விளக்கம். மழைநீர் வடியவும் அது உதவுகிறது. காரணம் எதுவானாலும், விளைவைக் கவனியுங்கள்: தரை வளைந்தால் அதன்மேல் நிற்கும் தூணின் அடிக்கல், மேலே உத்தரம், அதற்கும் மேலே சிற்பப் பட்டை எல்லாம் அந்த வளைவுக்கு ஏற்பச் செதுக்கப்பட வேண்டும். ஒரு கல்லை இன்னோர் இடத்தில் வைக்க முடியாது. கணினி இல்லாத காலத்தில் கல்தச்சர்கள் இதை மில்லிமீட்டர் கணக்கில் செய்து முடித்தார்கள்.

வெளித் தூண் வரிசையின் மேல் 92 சதுரச் சிற்பப் பலகைகள். கிழக்கே தேவர்கள் அரக்கர்களோடு, மேற்கே கிரேக்கர்கள் அமேசான் பெண்களோடு, தெற்கே மனிதர்கள் பாதிக் குதிரை உடலுள்ள சென்டார்களோடு போரிடுகிறார்கள். வடக்கே டிராய் போர். பாரசீகரை வென்ற நினைவு இந்தப் பழங்கதைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. முக்கோண முகப்புகளில் கிழக்கே அத்தீனாவின் பிறப்பு, மேற்கே நகருக்காக அவளும் கடல் தெய்வம் பொசைடனும் போட்டியிட்ட கதை. எல்லாவற்றுக்கும் சிவப்பும் நீலமும் பொன்னுமாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். வெறும் வெள்ளை என்பது காலம் செய்த வேலை.

உள்ளே ஃபிடியாஸின் அத்தீனா, ஏறக்குறைய 12 மீட்டர் உயரம். தோல் யானைத்தந்தம், ஆடை பொன். அந்தப் பொன் 40 தாலந்து எடை, அதாவது ஆயிரம் கிலோவுக்கு மேல், கழற்றி எடுக்கக்கூடியது என்று பெரிக்ளிஸ் சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் பதிவு செய்கிறார். நெருக்கடியில் பயன்படுத்திக்கொண்டு பின்னர் திருப்பி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பின்னறையில் நகரின் செல்வமும் காணிக்கைகளும் இருந்தன. இவ்வளவு பிரமாண்டமான சிலைக்கென்று தனியாக ஒரு பூசாரிப் பதவி இருந்ததற்குச் சான்று இல்லை. பக்தியின் காணிக்கையாகவும் அரசின் கருவூலமாகவும் ஒரே நேரத்தில் இருந்த கட்டடம் அது. மறுபக்கம், வடக்குத் தூண் வரிசைக்கு உள்ளே ஒரு சின்னஞ்சிறு பழைய சன்னிதியையும் பலிபீடத்தையும் இடிக்காமல் அப்படியே விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பழைய புனித இடத்தைத் தொட அவர்களுக்கு மனம் வரவில்லை.

அந்த மனப்பாங்கை முழுதாகப் பார்க்க வேண்டுமானால், முதலில் சொன்ன அந்தச் சிறிய கோயிலாகிய எரெக்தெயோனுக்குத்தான் போக வேண்டும்.

மரச்சிலையின் வீடு

கி.மு. 421 வாக்கில் தொடங்கி 406இல் முடிந்த இந்தக் கோயிலுக்கு நேர் வடிவமே கிடையாது. கிழக்கும் தெற்கும் ஒரு மட்டம். வடக்கும் மேற்கும் சுமார் மூன்று மீட்டர் கீழே. மூன்று பக்கம் மூன்று விதமான முகமண்டபம். பார்த்தெனோனில் அத்தனை துல்லியம் காட்டிய ஊர், இங்கே தரையைச் சமப்படுத்தக்கூட இல்லை. முடியாது என்பதால் அல்ல. இந்தத் தரையில் ஒவ்வொரு அடியும் ஒரு கதைக்குச் சொந்தம்.

பொசைடன் தன் சூலத்தால் பாறையைக் குத்திய தழும்பு வடக்கு மண்டபத்தின் கீழே இருக்கிறது. அதை மூடாமல் தரையில் ஒரு திறப்பு விட்டார்கள். நேர் மேலே கூரையிலும் ஒரு திறப்பு. அவர் குத்தியபோது பீறிட்ட உப்புநீர்க் கிணறு உள்ளே. அவருக்குப் போட்டியாக அத்தீனா முளைக்கச் செய்த ஒலிவ மரம் மேற்கே. அந்தப் பரிசுதான் வென்றது, நகர் அவளுடையதாயிற்று. பாரசீகர் எல்லாவற்றையும் எரித்த மறுநாளே அந்த மரத்தின் அடிக்கட்டையிலிருந்து ஒரு முழம் தளிர் விட்டிருந்தது என்று ஏதென்ஸ்காரர்கள் சொன்னதை வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். மலையைக் காக்கும் ஒரு பாம்பும் உண்டு; மாதம் ஒருமுறை அதற்குத் தேன் அப்பம் படைப்பார்கள். பாரசீகர் நெருங்கியபோது அப்பம் தொடப்படாமல் கிடந்தது, தெய்வமே மலையை விட்டுப் போய்விட்டது என்று எண்ணி மக்கள் நகரைக் காலி செய்ய முன்வந்தார்கள்.

தெற்கே ஆறு பெண் உருவங்கள் தூண்களாக நின்று கூரையைத் தாங்குகின்றன. ஆதி அரசன் கெக்ரோப்ஸின் சமாதி என்று நம்பப்பட்ட இடத்தை ஒட்டியது அந்த மண்டபம். கோயிலின் கட்டுமானக் கணக்கும் கல்லில் கிடைத்திருக்கிறது. குடிமகன், வெளியூரிலிருந்து குடியேறியவர், அடிமை என்று எல்லோரும் அருகருகே வேலை செய்தார்கள். நாட்கூலி எல்லோருக்கும் ஒரு திராக்மா. அடிமையின் கூலி எஜமானுக்குப் போயிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுநாயகமாக அந்த மரச்சிலை. அதன்முன் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எண்ணெய் ஊற்றினால் போதும்படி செய்த பொன் விளக்கு, இரவும் பகலும் எரிந்தது. சிலையின் பூசாரிணி ஒரு குறிப்பிட்ட பழங்குடும்பத்துப் பெண். ஆயுள் முழுவதும் பதவி. லிசிமாக்கே என்பவர் 64 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். அரசியலில் பெண்களுக்கு இடமே தராத நகரில் ஒரு பெண் எட்டக்கூடிய மிக உயர்ந்த பொதுப் பதவி இதுதான்.

ஆண்டுக்கு ஒருநாள் சிலையின் ஆடைகளையும் நகைகளையும் கழற்றி, மூடிவைத்துத் தூய்மை செய்வார்கள். தேவி ஊரில் இல்லாத நாள்போல அதைக் கருதி யாரும் முக்கியமான காரியம் தொடங்க மாட்டார்கள். தளபதி அல்கிபியாடிஸ் நாடு கடத்தலிலிருந்து அந்த நாளில் வந்து இறங்கியதைப் பலர் கெட்ட சகுனம் என்றார்கள்.

புதிய ஆடை

மலையின் எல்லாப் பகுதிகளும் ஒன்றாக உயிர்பெறும் நேரம் பனதெனையா திருவிழா. கோடையில், அத்தீனாவின் பிறந்தநாளாகக் கருதப்பட்ட நாளில் நடக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய அளவில், பந்தயங்களும் இசைப்போட்டியுமாக. வென்ற வீரர்களுக்குப் பரிசு, படம் தீட்டிய பெரிய ஜாடிகளில் ஒலிவ எண்ணெய்.

விழாவுக்கு ஒன்பது மாதம் முன்பே தேவிக்கு ஆடை நெய்யத் தொடங்குவார்கள். தறியில் முதல் வேலையில் பங்கேற்பவர்கள் மலையிலேயே தங்கிப் பணி செய்யும் சிறுமிகள், ஏழிலிருந்து பதினொரு வயதுக்குள். தேவர்கள் அரக்கரை வென்ற காட்சியைத் துணியில் நெய்வார்கள். விழா நாளில் நகர வாயிலிலிருந்து ஊர்வலம் புறப்படும். பெரிய விழாவில் அந்த ஆடையைச் சக்கரம் பூட்டிய கப்பலின் பாய்மரத்தில் விரித்துக் கட்டி இழுத்து வருவார்கள். கூடை ஏந்திய பெண்கள், நீர்க்குடம் சுமந்தவர்கள், ஒலிவக் கிளை பிடித்த முதியவர்கள், குதிரை வீரர்கள், பலிக்கான மாடுகள். அகோராவைக் குறுக்கே கடந்து, சரிவில் ஏறி, நுழைவாயில் வழியாக, பார்த்தெனோனைக் கடந்து, அத்தீனாவின் பெரும் பலிபீடத்தை அடைவார்கள். இறைச்சி ஊர்மக்களுக்குப் பங்கிடப்படும். ஆடை யாருக்கு? பொன் சிலைக்கு அல்ல, பழைய மரச்சிலைக்கு.

சரிவுகளையும் மறந்துவிடக்கூடாது. தெற்கே மதுத் தெய்வம் டயோனிசஸின் அரங்கம். நாடகம் அங்கே அந்தத் தெய்வத்தின் திருவிழாவாகவே நடந்தது. அதை அடுத்து, கி.மு. 420 வாக்கில் வந்த வைத்தியத் தெய்வம் அஸ்க்லெபியோஸின் இடம். வடக்குச் சரிவில் அப்போலோ, பான் என்ற தெய்வங்களுக்குக் குகைகள்.

பின்வந்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்த்தெனோன் கிறிஸ்தவ தேவாலயமாகி, மரியாளுக்கு உரியதாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசலாயிற்று. 1687 செப்டம்பரில் வெனிஸ் படை வீசிய குண்டு உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தில் விழுந்து நடுப்பகுதி சிதறியது. 1801 முதல் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்தார்கள். 1816இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவற்றை வாங்கி லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. எரெக்தெயோனின் ஆறு பெண்களில் ஒருத்தியும் லண்டனில் இருக்கிறாள், ஐவர் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில். கோயிலில் நிற்பவை நகல்கள். 1975 முதல் நடக்கும் சீரமைப்பில், துருப்பிடித்துக் கல்லைப் பிளந்த பழைய இரும்புப் பிடிகளை நீக்கி டைட்டேனியம் வைக்கிறார்கள்.

நேரில் போக வாய்ப்புக் கிடைத்தால், மலையை விட்டிறங்கியதும் 2009இல் திறந்த அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்துக்குப் போங்கள். பார்த்தெனோனின் உள்சுவரைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் சிற்பப் பட்டையை அதே அளவில், அதே திசையில் அடுக்கியிருக்கிறார்கள். தென்மேற்கு மூலையில் தொடங்குங்கள். ஊர்வலம் அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேற்கும் வடக்குமாக, மற்றொன்று தெற்கு வழியாக நகர்ந்து கிழக்கே கூடுகிறது. நடுவில் ஒரு பெரியவரும் ஒரு சிறு பிள்ளையும் துணி ஒன்றை மடித்துப் பிடித்திருக்கிறார்கள். தேவியின் ஆடை அதுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏதென்ஸில் நீங்கள் பார்ப்பது அதன் அச்சு வார்ப்பு, அசல் லண்டனில். ஊர்வலம் எந்த மலைக்கு ஏறியதோ அந்த மலையின் அடிவாரத்திலேயே அந்தக் கல் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.